பால் என்று எழுதியவர்

தொழிற்சாலையில் அவரைப் பால்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கே தயாராவது வண்டிகளின் புகைக்குழாயில் வைக்கும் வினையூக்கித் தூள். பிளாட்டினத்தை அமிலத்தில் கரைத்து, தூளை அதில் ஊறவைத்து, சுட்டு, அமிலம் விட்டுப்போகும் உப்புப் போகும்வரை பத்துத் தடவையாவது கழுவவேண்டும். கழுவிய நீரில் அவர் ஒரு சொட்டு வெள்ளிக் கரைசல் விடுவார். உப்பு மிச்சமிருந்தால் நீர் பாலாகும். "பால்" என்று அவர் எழுதிவிட்டால் மறுபடியும் கழுவல்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சொல்லை மேலாளர்கூட மறுத்ததில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

அவருடைய மனைவிக்கு அமில அறையில் வேலை. வீட்டில் விடிந்ததும் முதலில் கேட்பது அவளுடைய இருமல்.

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த பெண் வேறு வழி சொன்னாள். அமிலமே வேண்டாம், உலோகத்தையும் தூளையும் பீங்கான் உருண்டைகளோடு எந்திரத்தில் போட்டு அரைத்தால் போதும். செலவு பாதி. கழிவுநீர் கிடையாது. அமில அறையை இழுத்துப் பூட்டிவிடலாம். கழுவவே வேண்டாம் என்று அவள் சொன்னபோது பால்காரருக்குச் சுருக்கென்றது. அப்புறம் நான் எதற்கு?

அப்படி அரைத்த தூளை நீரில் கலக்கி உப்புப் பார்க்கும் சோதனை நாளன்று, காய்ச்சி வடித்த நீர்க் கேன் காலி. அதை நிரப்பும் மனைவி விடுப்பில் இருந்தாள். கிடங்கில் இன்னொரு கேன் இருந்தது. நூறு அடி நடக்கவேண்டும். பால்காரர் நடக்கவில்லை. கழுவாத முறைக்கு இந்த மரியாதை போதும் என்று குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். அதில் உப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியாததா? சொட்டு விட்டார். பாலாயிற்று. எழுதினார்.

"பழைய முறையே இருக்கட்டும்" என்றார் மேலாளர்.

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், அண்ணே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு மாதம் அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளிக் கரைசல் பட்டுக் கறுத்த விரல்களைப் பெருமையாக நீட்டிப் பேசுகிறவர், இப்போது சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரு காலையில், மனைவி இருமி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார். "அந்தச் சோதனைக்கு நான் குழாய்த் தண்ணியைப் பிடிச்சிட்டேன்."

"மறதியா?"

"இல்ல. வேணும்னுதான்."

அவள் அவரையே பார்த்தாள். "அன்னிக்கு நான் எதுக்கு லீவு போட்டேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நெஞ்சைப் படம் எடுக்கப் போயிருந்தாள். அவர்தான் பேருந்தில் ஏற்றிவிட்டு வேலைக்கு வந்தார்.

அன்றே மேலாளர் முன்னால், அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் அன்று அரைத்ததில் மிச்சமிருந்த தூளை எடுத்து வைத்தாள். "பண்ணுங்க." அண்ணே என்ற சொல் இல்லை.

பால்காரர் நூறு அடி நடந்து நல்ல நீர் கொண்டுவந்தார். தூளைக் கலக்கி, வடிகட்டி, சொட்டு விட்டார். நீர் தெளிவாக நின்றது.

"பால் இல்ல."

"இருங்க, நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்று அவள் புதுச் சோதனைக் குழாயை எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், அமில அறையில், மனைவி இருமினாள். பால்காரர் தள்ளி நின்றார்.

"சீக்கிரம் பாரும்மா" என்றார்.