இரண்டாம் முறை இறங்கிய கியர்பாக்ஸ்

அந்த ஷெட்டுக்குள் வண்டியைப் பின்பக்கமாகத்தான் ஏற்ற முடியும். வாசல் அப்படி. அதனால் வருகிற ஒவ்வொரு காரும் முதலில் ரிவர்ஸ் போட்டுக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரும். பத்து நாளில் மூன்றாவது தடவையாக அந்த வெள்ளைக் கார் வாசலில் நின்று ரிவர்ஸ் போட்டது. கறகறவென்று பல்லைக் கடித்துக்கொண்டே கியர் விழுந்தது. எதிர்க்கடையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவன்கூடத் தலை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன மாப்ள, கியர் போடுறீங்களா, மாவு அரைக்கிறீங்களா?" என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பு உதட்டுக்கு மேலே ஏறவில்லை.

"நீங்க போட்ட கிளட்ச்தான் மச்சான். அதையே கேளுங்க" என்றார் மாப்பிள்ளை. சீட்டைவிட்டு இறங்கவும் இல்லை.

மேஸ்திரிக்கு ஊரில் வைத்த பெயர் 'ஒருவாட்டி'. முப்பது வருஷத்தில் ஒரு வண்டியின் கியர்பாக்ஸை ஒரு தடவைக்கு மேல் அவர் இறக்கியதில்லை. கிளட்ச் மாற்றுவது என்றால் சும்மா இல்லை. கியர்பாக்ஸையே கழற்றித் தரையில் வைத்தால்தான் கிளட்ச் கண்ணுக்குத் தெரியும். அரை நாள் வேலை, முதுகு ஒடியும். அவசரக்காரன் இறக்குவான், ஏற்றுவான், சத்தம் கேட்டதும் மறுபடி இறக்குவான். இவர் ஏற்றினால் ஏற்றினதுதான். நூறு தடவை பார்த்துவிட்டுத்தான் ஒரு போல்ட்டைத் திருகுவார். மற்ற ஷெட்டுக்காரர்களே சிக்கலான வண்டி வந்தால், "ஒருவாட்டிகிட்ட கொண்டு போ" என்று அனுப்புவார்கள். அவர் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எழுத்து எதுவும் கிடையாது. இந்தப் பட்டம் ஒன்றுதான்.

அந்தப் பட்டத்துக்கு வேட்டு வைக்க அவருடைய தங்கை புருஷன் காரே வந்து நிற்கிறது.

மாப்பிள்ளை பெரிய ஆஸ்பத்திரி நர்சுகள் நாலு பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் அழைத்து வருகிறவர். ஒரு நாள் வண்டி நின்றால் நாலு பேர் டியூட்டி கெடும். பழைய கிளட்ச் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தபோது கம்பெனிச் சாமான் வர மாதக்கணக்காகும் என்றார்கள். "எதுக்குக் காத்திருக்கணும்? வெளிக் கம்பெனி செட்டு நல்லாவே இருக்கு, நான் போடுறேன். என் பொறுப்பு" என்று சொன்னவர் மேஸ்திரிதான். தங்கை, "அண்ணா, பாத்துச் செய், அவருக்கு இதுதான் எல்லாம்" என்றாள். "என்கிட்டயா சொல்ற?" என்று அதட்டி அனுப்பினார். 

முதல் தடவை வந்தபோது மாப்பிள்ளை சொன்னது இதுதான்: "பெடல் ரொம்ப இறுக்கமா இருக்கு மச்சான்." இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். நாலு நாள் ஓட்டுங்க, சரியாயிடும்" என்றார். இரண்டாவது தடவை ரிவர்ஸில் சத்தம் என்று வந்தார். கிளட்ச் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று மேஸ்திரி பழைய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக வடித்துப் புதிது ஊற்றினார். தானே உட்கார்ந்து ஓட்டினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் விழுந்தது. சிக்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ஒரு முணுமுணுப்பு இல்லை. மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதனை ஓட்டத்துக்கு வண்டிக்காரனைப் பக்கத்தில் ஏற்ற மாட்டார். "கல்யாண மாப்பிள்ளை சமையல்கட்டுக்குள்ள வரக்கூடாது" என்பார். அதனால் இவர் ஓட்டுவதை மாப்பிள்ளை பார்த்ததில்லை, மாப்பிள்ளை ஓட்டுவதை இவரும் பார்த்ததில்லை.

இன்று மத்தியானச் சாப்பாட்டை மூடியபடியே வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். பெடலுக்கு அடியில் மிதியடி மடங்கிக் கிடக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பெடல் எவ்வளவு சும்மா ஆடுகிறது என்று விரலால் அழுத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. எண்ணெய் மட்டம் கோட்டில் நின்றது. குழாயில் கசிவு இல்லை. உட்கார்ந்தார், எழுந்தார். கை துடைக்கிற துணியை எடுத்தார், துடைக்காமலே வைத்தார். கிளட்ச் தட்டைத் திருப்பி மாட்டிவிட்டோமோ? முப்பது வருஷத்தில் செய்யாத தப்பை அறுபதை நெருங்கும்போது செய்யக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? அன்றைக்கு மாட்டும்போது யாரோ போன் பண்ணினார்களே, அந்த நேரத்தில் கை தானாக வேலை செய்திருக்குமோ? கை எப்படி மாட்டியது என்று நினைவைத் தோண்டினார். நினைவு நழுவிக்கொண்டே போனது.

எதிர்க்கடைக்காரன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "என்ன ஒருவாட்டி, ரெண்டுவாட்டி ஆயிடுவீங்க போலிருக்கே!"

"உன் டயர்ல காத்து இறங்குது, அதைப் பாரு."

"என் காத்து இறங்கினா ஊதிக்கலாம் அண்ணே. உங்க கெத்து இறங்கினா?"

மேஸ்திரி ஷெட்டின் நடுவில் இருக்கிற குழிக்குள் இறங்கினார். தலைக்கு மேலே காரின் வயிறு. கியர்பாக்ஸ் ஓரத்தில் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. மேலே பெடலை மிதித்தால் அதிலிருந்து ஒரு தண்டு வெளியே வந்து கிளட்சை விலக்கும். தண்டு முழுசாக வந்தால் கிளட்ச் முழுசாக விலகும். பாதி வந்தால் பல் கடிக்கும். தண்டு எவ்வளவு வருகிறது என்று பார்க்க அவர் ஆளைக் கூப்பிடுவதில்லை. தன் அளவுக்கு வெட்டிய ஒரு கட்டை வைத்திருக்கிறார். அதை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே வந்து அளப்பார். போன தடவை அப்படித்தான் அளந்தார். தண்டு முழுசாக வந்திருந்தது.

இன்று சீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மேலே ஏறி அவரை இறக்கி, கட்டையைத் தேடிப் பொருத்தப் பொறுமை இல்லை.

"மாப்ள, கிளட்சை மிதிங்க."

"கட்டை இருக்கே மச்சான்."

"கட்டை கிடக்கட்டும். கால் எதுக்கு இருக்கு? மிதிங்க."

கொஞ்ச நேரம் மேலே ஒன்றும் அசையவில்லை. பிறகு தண்டு வெளியே வந்தது. முக்கால் தூரம் வந்து நின்றது.

"முழுசா மிதிங்க."

"மிதிச்சுட்டேன்."

"இன்னும் இருக்கு. தரை தட்டுற வரைக்கும்."

"மிதிச்சுட்டேன்னு சொல்றேன்ல!"

மேஸ்திரி விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனார். தண்டு நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரன் விரல் மாதிரி ஒரு சின்ன நடுக்கம். பிறகு மெதுவாகப் பின்னுக்கு நழுவி உள்ளே போனது. எண்ணெய்க் கசிவில் தண்டு பின்வாங்குவதை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அதில் நடுக்கம் இருக்காது. அது இரும்பின் நோய். இது வேறு.

"இன்னொரு தடவை."

இந்தத் தடவை பாதியோடு நின்றது. நடுக்கம் கூடியிருந்தது.

மேஸ்திரியின் நெஞ்சுக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? என் கை தப்பு செய்யவில்லை என்று ஒரு துள்ளல். அடுத்த மூச்சில், அப்படியென்றால் தப்பு எங்கே என்று உறைத்தது. குழியிலிருந்து ஏறி வந்து கதவைத் திறந்தார். மாப்பிள்ளை இரண்டு கையாலும் இடது தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"எத்தனை நாளா?"

"எது?"

"கால்."

"கால் நல்லாத்தான் இருக்கு. உங்க கிளட்ச்தான் பாறாங்கல்லு மாதிரி..."

"மாப்ள. நான் கீழ இருந்து பாத்துட்டேன்."

மாப்பிள்ளை கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தார். "நாலு மாசம் இருக்கும். இடுப்புல ஒரு பிடிப்பு வந்துச்சு. அப்புறம் கால் மரத்துப் போகுது. சில நேரம் பெடல்ல கால் இருக்கான்னே தெரியல. குனிஞ்சு பாத்துக்குவேன்."

"ஓட்டும்போதா?"

"ஒரு செகண்டுதான்."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"சொன்னா வண்டிய வித்துடுன்னு உக்காருவா. வித்துட்டு என்ன பண்றது, உங்க ஷெட்டுல போல்ட் எண்றதா? நீங்களும் சொல்லக்கூடாது. இன்னைக்கு வேற ஒரு நல்ல கிளட்சா, மெதுவா இருக்கறதாப் போட்டுக் குடுங்க. காலைல வண்டி வேணும்."

பழைய கிளட்ச் தேய்ந்து பஞ்சாகக் கிடந்ததால் இத்தனை நாள் கால் தப்பித்தது. இவர் போட்ட செட்டின் ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். அது காலைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மெதுவான கிளட்ச் கிடைக்கத்தான் செய்யும். போட்டால் சத்தம் நிற்கும், 'ஒருவாட்டி' கொஞ்சம் கெட்டாலும் தங்கை வீட்டில் நல்ல பெயர் நிற்கும், மாப்பிள்ளை வாயார வாழ்த்துவார். அப்புறம் என்றைக்கு, எந்தச் சரிவில், பின்சீட்டில் நாலு பொண்ணுங்களை வைத்துக்கொண்டு அந்தக் கால் முழுசாகக் கைவிரிக்கும்? மேஸ்திரி ஷெட்டுக்குள் இரண்டு நடை நடந்தார். மூடிவைத்த சாப்பாட்டைத் திறந்து பார்த்து மறுபடி மூடினார்.

"சாவியக் குடுங்க மச்சான். நான் வேற எடத்துல பாத்துக்கறேன்" என்றார் மாப்பிள்ளை. வண்டி உள்ளே வந்து நின்றதுமே மேஸ்திரி சாவியை வாங்கிப் பையில் போட்டிருந்தார்.

மேஸ்திரி சாவியைக் கொடுக்கவில்லை. ஸ்பானர் பெட்டியை இழுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

"என்ன பண்றீங்க?"

"கியர்பாக்ஸ இறக்குறேன்."

"கிளட்ச் நல்லாருக்குன்னு இப்பத்தானே தெரிஞ்சுது?"

"ஆமா. நல்லாருக்கு."

"அப்புறம் எதுக்கு இறக்கணும்? தெருவே பாத்துட்டு இருக்கு. நாளைக்கு உங்களை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க?"

"பேரு என்ன நம்பர் பிளேட்டா, மாட்டிக்கிட்டே திரியறதுக்கு? போய் நிழல்ல உக்காரு." முப்பது வருஷத்தில் தங்கை புருஷனிடம் அவர் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள், இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள்.

வெயில் தணிவதற்குள் கியர்பாக்ஸ் தரைக்கு வந்துவிட்டது. எதிர்க்கடைக்காரன் டயரை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கே வந்து நின்றான்.

"அண்ணே, நெசமாவே ரெண்டாவதுவாட்டியா?"

"ஆமாடா. மாட்டறதுல தப்பு பண்ணிட்டேன். போய் ஊருக்கெல்லாம் சொல்லு."

அவன் சிரிக்கத்தான் வந்திருந்தான். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். போன வேகத்திலேயே பக்கத்துக் கடையில் சொல்லவும் செய்தான்.

தங்கை போன் பண்ணினாள். "அண்ணா, வண்டி என்னாச்சு?"

"என் வேலைதான் சரியில்ல. ரெண்டு மூணு நாள் ஆகும்." மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் வீட்டுக்காரர் நைட்டு உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லுவாரு. கத்தாம கேளு."

வைத்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "காலைல முதல்ல டாக்டர். அவர் ஓட்டலாம்னு சொன்னா மறுநாளே ஏத்தித் தரேன். சொல்லலைன்னா இது இங்கதான் கிடக்கும்."

"பொண்ணுங்க?"

"என் பழைய வண்டியில நான் போறேன். எங்க ஏத்தணும், சொல்லுங்க."

 மாப்பிள்ளை தரையில் கிடந்த கியர்பாக்ஸைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். "ஆறே காலுக்கு மருந்துக்கடை முக்கு. அந்தப் பொண்ணு நேரத்துக்கு வந்துடும். அடுத்தது தண்ணித் தொட்டி பக்கம், ஆரன் அடிக்கக்கூடாது, வீட்ல கைக்குழந்தை இருக்கு. மூணாவது பொண்ணு முன்சீட்டுல உக்காராது, வற்புறுத்தாதீங்க. நாலாவது பஸ் ஸ்டாண்டு வாசல், எப்பவும் லேட்டு. ரெண்டு நிமிஷம் நிப்பேன். நீங்க நிப்பீங்களா?"

"நிக்கிறேன்."

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்க. முதல் பொண்ணுக்குக் கோபம் வரும்."

மேஸ்திரி கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். மருந்துக்கடை, தண்ணித் தொட்டி, அப்புறம்... மூன்றாவது இடத்தை மாப்பிள்ளை சொல்லவே இல்லை.

"மூணாவது எங்க ஏத்தணும் மாப்ள?" என்று மறுபடி கேட்டார்.