ரேடியோக்காரிக்கு நான் சொல்லாத செய்தி

எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒருத்தியைப் பற்றி எழுதி வாசிப்பது வழக்கம். இந்த வருஷம் ரேடியோக்காரியைப் பற்றி என்று முடிவாயிற்று. என்னைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை. அது வேறு விஷயம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினொரு வருஷம் அவளோடு நின்று விரிப்பு மடித்தவள் என்பதால் என்னைச் சொல்லச் சொன்னார்கள். பேத்தி எழுதுகிறாள். நல்லதை மட்டும் சொல்லுங்கள் பாட்டி என்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். புருஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனபிறகு, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்க எங்களிடம் வேலைக்கு வந்தாள். மேலங்கிப் பையில் உள்ளங்கை அகல ரேடியோ ஒன்று எப்போதும் இருக்கும். பேச ஆள் இல்லாததால் பேசுகிற பெட்டி வைத்திருக்கிறேன் என்பாள். காலை ஏழு மணிச் செய்தி, மதியம் ஒரு மணிச் செய்தி இரண்டையும் விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைத் தொடமாட்டாள். அன்று வேறொருவர் பேசுவதைக் கேட்க வேண்டுமாம்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, நீளவாக்கில் இரண்டு மடிப்புப் போட்டபிறகு நான் அவளை நோக்கி நடந்து என் முனைகளை அவள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. யாரைக் கண்டால் வயிறு எரிகிறதோ அவள் முகத்துக்கு நேரே முந்நூறு தடவை போய் நிற்பது எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், சொல்கிறேன்.

எரிச்சல் முதல் வெள்ளிக்கிழமையே பிடித்துவிட்டது. வெள்ளிதோறும் மதியம் இயந்திரங்களை நிறுத்தும் அரைமணி நேரத்தில், மடிக்கும் மேசையைச் சுற்றிப் பத்துப் பெண்கள் உட்கார்ந்து ஜெபிப்போம். அதுவரை அந்த மேசை என் மேசை. எனக்கு எழுத்து தெரியாது. கேட்டுக் கேட்டே வேதாகமத்துச் சங்கீதங்கள் நாற்பது மனப்பாடம். நான் சொல்வேன், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். அன்றைக்கு ஊரில் குப்பை அள்ளுகிறவர்கள் வேலையை நிறுத்தி ஒன்பதாவது நாள். புதிதாக வந்தவள் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"இத்தனை நாள் நாம நாத்தமே இல்லாதவங்கன்னு நினைச்சிருந்தோம். தினமும் ஒருத்தர் வந்து அள்ளிட்டுப் போனதால தெரியல. மனசுல சேருற குப்பையையும் ஒருத்தர் தினமும் அள்ளுறார். அவர் ஒரு நாள்கூட வேலையை நிறுத்தல."

ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் சங்கீதத்துக்கு அவள் துடைத்ததே இல்லை.

பிறகு வாராவாரம் அதே கதைதான். பாலம் மூடினால் அதில் ஒரு பாடம், மின்சாரம் போனால் அதில் ஒரு பாடம். ஒருமுறை டாக்டர் மேலங்கிப் பையில் பேனா ஒன்று தங்கி, நாற்பது வெள்ளை மேலங்கிகள் நீலமாகிவிட்டன. இயந்திரத்துக்குள் கைவிட்டு அந்தப் பேனாவைத் தேடி எடுத்தவள் நான். மறைத்துவைத்த ஒரு சின்னப் பாவம் குடும்பத்தையே எப்படிக் கறையாக்கும் என்று வெள்ளிக்கிழமை பேசிப் பெயர் வாங்கினவள் அவள். அவளுக்கும் எழுத்து தெரியாது. படிப்பில்லாததால்தான் என்னை யாரும் மதிக்கவில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

நானும் ஒரு தடவை முயன்றேன். லிஃப்ட் பழுதாகி எல்லோரும் மூச்சு வாங்க ஏறிய வாரம், பரலோகத்துக்கும் படிக்கட்டில்தான் ஏற வேண்டும் என்றேன். இஸ்திரி போடுகிறவள், "அப்போ முட்டிவலிக்காரங்க கதி என்னக்கா?" என்று கேட்டுவிட்டாள். மேசையே குலுங்கச் சிரித்தார்கள். ரேடியோக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

போன வருஷம் பெண்கள் ஞாயிறு வந்தது. அன்று ஒரு பெண் சபை முன்னால் நின்று பேசுவாள். பத்தொன்பது வருஷமாக என் முறை வரும் என்று காத்திருந்தேன். போதகர் ரேடியோக்காரியைக் கேட்டார்.

அந்த வாரம்தான் கட்டடம் கட்டத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து ஏழு தொழிலாளிகள் புதைந்தார்கள். ஆறு பேரை அன்றே எடுத்தார்கள். ஏழாவது ஆளை எடுக்க மேலும் பதினாலு மணி நேரம் ஆயிற்று. ஏழு பேரும் உயிரோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்கள். அவர்கள் படுத்த விரிப்பையும் நாங்கள்தான் வெளுத்தோம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அவள் விரிப்பின் அந்தப் பக்கம் நின்று சொன்னாள். நல்ல பாடம்தான். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று சனிக்கிழமை முழுக்க மனசு புழுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடியற்காலை வேலை, ஆலய நேரத்துக்கு விட்டுவிடுவார்கள். ஆறு மணிக்கு அழுக்குத்துணி மூட்டை தள்ளிவந்த வார்டு ஊழியர், "ஏழாவது ஆள் விடியக்காலம் போயிட்டாருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் எங்கள் ஆலய வாசலில் ரேடியோக்காரி நின்றிருந்தாள்.

"அக்கா, எனக்காக ஜெபம் பண்ணுங்க. நீங்க வேலையிலிருந்துதானே வர்றீங்க? அந்த ஏழு பேரும் எப்படி இருக்காங்க?"

"எனக்கென்ன தெரியும்? நான் துணியோட கிடக்கிறவ" என்றேன். "போ, நல்லாப் பேசுவ."

வேதத்தில் அண்ணனும் தம்பியும் கடவுளுக்குக் காணிக்கை கொண்டுவந்த கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தன் காணிக்கை ஏற்கப்படாத அண்ணனுக்குப் பொறாமையில் முகநாடி வேறுபட்டது என்று வாசிப்பார்கள். என் முகம் எப்படி இருந்ததோ, அன்று கண்ணாடி பார்க்கவில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சற்றுப் பொறுத்து வயதான ஒரு பெண் வந்து அதே வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் ஆஸ்பத்திரிப் பார்வையாளர் அட்டை. மடியில் பச்சைப் பை. வார்டில் இறந்துபோனவரின் உடுப்பை அந்தப் பச்சைப் பையில்தான் போட்டுக் கொடுப்பார்கள். யாருடைய தாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதும் நேரமிருந்தது. பாட்டு இன்னும் முடியவில்லை. எழுந்துபோய்க் காதில் ஒரு சொல் சொன்னால் போதும். எழுந்திருக்கவில்லை. கால் வரவில்லை என்று சொன்னால் பொய். மனசுதான் வரவில்லை.

ரேடியோக்காரி பேசினாள். "ஆறு பேர் கிடைச்சாச்சு, போதும்னு யாரும் சொல்லல. அந்த ஏழாவது ஆளுக்காகப் பதினாலு மணி நேரம் தோண்டினாங்க. இன்னைக்கு அவர் மூச்சு விட்டுக்கிட்டிருக்கார்."

வயதானவள் எழுந்து நின்றாள். குரல் உயரவே இல்லை.

"அது என் மகன். காலையில போயிட்டான்."

ரேடியோக்காரி மேடையிலிருந்து இறங்கி, சபை முழுக்கப் பார்த்திருக்க நடந்து வந்து, அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு அணைத்துக்கொண்டாள். பாடம் இல்லை, விளக்கம் இல்லை. போதகர் திகைத்துப்போய், என்னைப் பார்த்து, ஒரு சங்கீதம் சொல்லுங்கள் அம்மா என்றார்.

பத்தொன்பது வருஷம் கழித்து என் முறை வந்தது. நின்று சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, எல்லோர் கண்ணும் அந்த இரண்டு பேர் மேல். சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்: அப்போதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

திங்கட்கிழமை மூன்றாவது விரிப்பிலேயே அவள் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?"

"ஆறு."

"நான் வாசல்ல கேட்டேனே."

"கேட்ட."

"என்னை அவமானப்படுத்தணும்னா அதை நம்ம ரெண்டு பேருக்குள்ள வச்சிருக்கலாம். அந்த அம்மாவை எதுக்கு உள்ள இழுத்தீங்க?"

மன்னித்துக்கொள் என்றேன். என் முனைகளை வாங்கி மடிப்பை முடித்தாள். மறுநாள் மேற்பார்வையாளரிடம் சொல்லி வேறொருத்தியோடு மடிக்கப் போய்விட்டாள். எனக்கு ஜோடியாக வந்தவள் முனைக்கு முனை சேர்க்கத் தெரியாதவள். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாராவாரம் ரேடியோக்காரி அந்தத் தாயைப் பார்க்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் அங்கே இருக்கும் நேரம் பார்த்து, கூப்பிடாமலே நானும் ஒருநாள் போனேன். தெரிந்தும் சொல்லாதவள் நான்தான் என்று நடுக்கூடத்தில் நின்று அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"நீங்க செஞ்சது தப்புதாம்மா. ஆனா இந்தப் பொண்ணு அன்னைக்குப் பேசினதால ஒண்ணு தெரிஞ்சுது. என் மகனை விட்டுட்டுப் போகாம பதினாலு மணி நேரம் தோண்டியிருக்காங்க. அதை எனக்கு வேற யாரும் சொல்லல."

பாடம் தவறிப்போன இடத்திலும் இவள் பேச்சு ஒருத்திக்கு உதவியிருக்கிறது! நாற்பது சங்கீதம் தெரிந்த நான் அதைக்கூட அந்தத் தாய்க்குக் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது ரேடியோக்காரி என் கூடவே நடந்தாள். அடுத்த திங்கட்கிழமை என் எதிரில் வந்து முனைகளைப் பிடித்தாள்.

மன்னித்துவிட்டேன் என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. நானும் கேட்டு நச்சரிக்கவில்லை. ஆனால் ஒரு புதுப் பழக்கம் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பேசத் தொடங்குமுன் பத்துப் பேர் நடுவில் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

"அக்கா, எனக்குத் தெரியாதது உங்களுக்கு ஏதாவது தெரியுமா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

முதல் தடவை மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. இப்போது அவள் கேட்பதற்காகவே வார்டு ஊழியரிடம் எல்லாவற்றையும் விசாரித்து வைக்கிறேன். போன வெள்ளி, அவள் சொல்லவந்த செய்தியில் இரண்டு தப்பு இருந்தது. இரண்டையும் சொன்னேன். அவள் திருத்திக்கொண்டு பேசினாள். அழகாகத்தான் பேசினாள், என்ன செய்ய.