கம்பளத்தில் காலணி

மோட்டார் வண்டியின் உட்புறம் வீட்டைச் சேர்ந்ததா, தெருவைச் சேர்ந்ததா? அறுபதுகளின் தொடக்கத்தில், என் அக்கா வாகனமோட்டும் தேர்வில் தோற்றுத் திரும்பிய பிற்பகலில், இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. விடை எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்றே நினைத்திருந்தோம்.

வண்டி அத்தானுடையது. துறைமுகக் கிடங்கொன்றில் எழுத்தராக இருந்த அவர், தாயகம் திரும்பிய ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியிடமிருந்து அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, தரையை உரசிவிடுமோ என்று அஞ்சத்தக்க தாழ்வு. கூரையின் தையல் வழியே பல பருவமழைகள் உள்ளே இறங்கியிருந்தன. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், நாங்கள் மாடியில் குடியிருந்த கடைவீட்டின் முன் அதை நிறுத்திக் கதவைத் திறந்ததும், ஈரச் சாக்கின் நாற்றம் அடித்தது. தரைக் கம்பளம் அழுகிப்போயிருந்தது.

அந்த வண்டியால் அக்காவுக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அவள் மகப்பேற்றுத் தாதி. தீவின் வடமேற்கே, கம்பங்கள் என்று நாங்கள் சொல்லும் கிராமங்களுக்கு நடுவில் இருந்த ஒரு தாய்சேய் நல நிலையத்தில் அவளுக்கு இடம் சொல்லியிருந்தார்கள். அங்கே வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்க்க வேண்டும். நிலையத்து வண்டியைத் தானே ஓட்ட வேண்டும். மாத முடிவுக்குள் உரிமம் பெறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். மருத்துவமனையில் வலியோடு வந்து மறுநாளே போய்விடும் பெண்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு தாயைத் தொடக்கத்திலிருந்து அறிந்து பார்க்க வேண்டும் என்ற விருப்பம் அவளுக்கு வளர்ந்திருந்தது. பழகுவதற்கு இருந்த ஒரே வண்டி இதுதான்.

பட்டப்படிப்பை முடித்துச் சமூக நல வேலைக்குக் காத்திருந்த எனக்கு நேரம் இருந்தது. அத்தானும் நானும் இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் பழைய கம்பளத்தைப் பெயர்த்தோம். முழுதாக வந்த துண்டுகளைச் செய்தித்தாளின் மேல் விரித்து வடிவம் வரைந்துகொண்டோம். சிதைந்துபோன இடங்களில் தாளையே தரையோடு அழுத்தி மடித்து அளவெடுத்தோம். தகட்டின் துருவைச் சுரண்டித் தார் பூசிக் காயவிட்டோம். அரபு ஸ்திரீட்டில் வாங்கிய கருஞ்சிவப்புக் கம்பளத்தை வெட்டியவள் அக்கா. ஓரம் பிரியாதிருக்க ரெக்சின் பட்டை வைத்துத் தன் தையல் இயந்திரத்திலேயே தைத்தாள். ஊசிகள் ஒடிந்துகொண்டே இருந்தன.

பழைய கம்பளத்தில், பிரேக், ஆக்சிலரேட்டர் மிதிகளுக்குக் கீழே ஓட்டுநரின் குதிகால் ஊன்றும் இடத்தில், ஒரு ரப்பர்ச் சதுரம் தைக்கப்பட்டிருந்தது. அக்கா அதைப் பிரித்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“என்னங்க, இதையும் புதுசுல வச்சுத் தைக்கணுமா?”

“எதுக்கு? ஷூ தேய்க்கும்னு வெள்ளைக்காரன் வச்சிருக்கான். நாம என்ன ஷூவோடயா உள்ள ஏறப்போறோம்?”

“அதுவும் சரிதான். இவ்ளோ கஷ்டப்பட்டுத் தைச்சிருக்கேன், எவனாவது சேத்துக் காலோட ஏறினா நானே இறக்கி விட்டுருவேன்.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் நாங்கள். கம்பளம் விரித்த இடம் எங்களுக்கு வீடுதான். பசை தடவிக் கம்பளத்தை ஒட்டி முடித்தோம். ரப்பர்ச் சதுரம் தையல் பெட்டிக்குள் போயிற்று.

அன்று முதல் வண்டியில் ஏறுபவர்கள் ஐந்தடி நடைபாதையிலேயே செருப்பைக் கழற்றினார்கள். கழற்றியவை ஒரு துணிப்பையில் இருக்கைக்குப் பின்னால் சென்றன. கீழே காப்பிக்கடை வைத்திருந்த பாய் இதைச் சில நாள் கவனித்துவிட்டு, அத்தானைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன தம்பி, காருக்குள்ள கோயில் கட்டிட்டீங்களா? தேங்கா எப்ப உடைப்பீங்க?”

“உடைச்சா முதல் மூடி உங்களுக்குத்தான் பாய்.”

அக்கா மாலைதோறும் அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஓட்டிப் பழகினாள். நன்றாகவே ஓட்டினாள்.

தேர்வு நாளன்று பணி முடிந்து நேராக வந்ததால், சீருடையிலும் வெள்ளைக் காலணியிலும் இருந்தாள். பழக்கப்படி அவற்றைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். தேர்வதிகாரி உயரமானவர், முழங்கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் உள்ளே மடங்கி உட்கார்ந்திருந்தார். அவளுடைய கால்களைப் பார்த்ததும், காலணி அணிந்து ஓட்டும்படி ஆங்கிலத்தில் சொன்னார். குரலில் கடுமை இல்லை.

அந்த வண்டியின் மிதிகள் மிக நெருக்கமானவை. மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்ன இடத்தில், காலணியின் விளிம்பு பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்தியது. இன்ஜின் அலறி அடங்கியது. அவள் பதறிக் காலை எடுக்க, வண்டி பின்னால் உருண்டது. கைப்பிரேக்கை இழுத்தவர் அதிகாரிதான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா காலணியோடு படியில் உட்கார்ந்தாள்.

“என் காலே இல்லைங்க அது. கட்டையால மிதிச்ச மாதிரி இருந்துச்சு.”

“வெறுங்கால்ல ஓட்டினா அந்தாளுக்கு என்னவாம்? லாரி ஓட்டுறவன்லாம் எப்படி ஓட்டுறான்?”

“அவனுக்கு லாரிதான் வேலை. நான் கம்பத்துச் சேத்துல இறங்கி ஓடணும். அங்க ஒருத்தி வலியில கத்துறப்ப, பையைப் பிரிச்சு ஷூ தேடிக்கிட்டு நிக்கவா?”

“அப்ப கார்பெட்டு?”

“கார்பெட்டுக்கு நான் பிரசவம் பாக்கப் போகல.”

அத்தான் என் பக்கம் திரும்பினார்.

“டிகிரி வாங்கின மாப்ள, நீ சொல்லு. யார் சொல்றது சரி?”

வெறுங்காலோடு ஓட்டுவது தவறென்று நான் கருதவில்லை. ஆனால் அவள் கால் கற்றது ஒன்று, வேலை கேட்டது வேறொன்று. கம்பளத்தைக் காக்க மூவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதிக்கு, அவள் ஒருத்தி விலை கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போகாவிட்டால், அந்தக் கம்பங்களில் யாரோ சிலரும் கொடுக்க நேரலாம்.

“எந்த நேரமும் இறங்கி ஓட வேண்டியவங்களுக்குக் காருக்குள்ளயும் தெருதான், அத்தான்,” என்றேன்.

“உங்கக்காவுக்குத்தான் பேசுவ லா நீ.”

அவர் இறங்கிப் போய் வண்டியின் கதவைத் திறந்து, மிதிகளுக்குக் கீழே கம்பளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்:

“அந்த ரப்பர் எங்க வச்ச?”

ஒட்டியதைப் பெயர்த்தபோது கம்பளத்தின் ஒரு மூலை கிழிந்தது. அக்கா அதையும் ஒட்டுப்போட்டு, ரப்பர்ச் சதுரத்தைக் குதிகால் ஊன்றும் இடத்தில் வைத்துத் தைத்தாள். கருஞ்சிவப்பில் கறுப்பு, பார்க்க அழகாக இல்லை. மறுநாளிலிருந்து வெள்ளைக் காலணியோடு பழகினாள். முதல் சில நாள்கள் பழையபடி இரண்டு மிதிகளும் சேர்ந்தே அமுங்கின. பிறகு குதிகாலை ரப்பரில் ஊன்றிப் பாதத்தை மட்டும் திருப்பக் கற்றுக்கொண்டாள். மாதக் கடைசியில் மறுபடி தேர்வுக்குப் போனாள், தேறினாள். நிலையத்தில் அந்த இடம் அவளுக்கே கிடைத்தது.

செருப்புகளுக்கு இருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு அத்தான் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தார். கம்பளத்தில் செம்மண் படிந்தது. அதன்பின் அந்த வண்டியில் ஏறிய யாரும் செருப்பைக் கழற்றவில்லை.