இன்ஷிராவும் ஈரமான மெத்தையும்

சிறுநீர்ப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார் இன்ஷிரா. "என்ன ஹாஜி இது, கொதிச்ச டீ மாதிரி இருக்கு? சக்கரை போடறதுதான் பாக்கி!" வார்டே சிரிக்கிறது. அவர் சிரிப்பதில்லை.

அலெக்ஸாந்திரியாவில் எங்கள் மருத்துவமனையின் இதயப் பிரிவில் அவர் மூத்த நர்ஸ். நான் பக்கத்து அறையில் படம் எடுக்கும் டெக்னீஷியன். இதயக் குழாயின் அடைப்பு தெரிவதற்காக உள்ளே விடுகிற சாயம், கடைசியில் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருந்தால், ஏற்கெனவே நொந்த சிறுநீரகம் அதோடு படுத்துவிடும். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் நீரேற்றி அனுப்புவது இன்ஷிராவின் பொறுப்பு. தலையணை உறைக்குள் கைவிட்டு, நோயாளிகள் ஒளித்துவைத்த மூட்டுவலி மாத்திரைகளைப் பிடுங்கிக்கொள்வார். அவையும் சிறுநீரகத்துக்கு ஆகாது. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட அவசரமாகத் தண்ணீர்க் குவளையைத் தேடுவார்கள்.

ரமலான் வந்தால் அவர் பாடு திண்டாட்டம். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டென்று பள்ளிவாசல் ஷேக்கே வந்து சொன்னாலும் எங்கள் ஊர்க் கிழவர்கள் கேட்பதில்லை. "குடிச்சாச்சும்மா" என்று கூசாமல் பொய் சொல்வார்கள். இன்ஷிரா மட்டும் லேசுப்பட்டவரா? காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே நோன்பிருந்து வேலைக்கு வந்த ஆள்.

இந்த ரமலானில் வந்தவர் ஷிஹாத்தா, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் சிறுநீரகம் பாதி போய்விட்டது. நெஞ்சுவலியோ படத்தைத் தள்ளிப்போட விடவில்லை. காலையிலிருந்து அவருக்கு சலைன் ஏறிக்கொண்டிருந்தது. பை காலியானதும் அழைத்துப்போக வந்தேன். ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவதற்காக இன்ஷிரா போர்வையை விலக்கினார். மெத்தை சொதசொதவென்றிருந்தது. மனிதர் கையிலிருந்து குழாயைக் கழற்றி, அத்தனை சலைனையும் மெத்தைக்குள் விட்டிருக்கிறார்! என் அறையில் சாயம் தயாராகக் காத்திருந்தது.

"ஏன் ஹாஜி இப்படிப் பண்ணினீங்க?" என்றார் இன்ஷிரா.

"தண்ணி ஏத்தினா நோன்பு முறிஞ்சுடும் மகளே."

"அப்போ சாயம்? அதுவும் உள்ளதானே போகுது?"

"அது மருந்து. இது தாகம் தீர்க்கிற தண்ணி."

இன்ஷிரா என் பக்கம் திரும்பினார். "டாக்டர்கிட்ட சொல்லுப்பா, இன்னிக்குப் படம் கிடையாது. முதல்ல இவருக்கு நீர் ஏறணும்." மறுபடி கிழவரிடம், "வாரா வாரம் மெஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கப் போறீங்களா? உங்க பொண்ணு வெளில அழுதுட்டு நிக்குது."

"அல்லா பாத்துக்குவான். மீசை முளைச்சதுலேர்ந்து ஒரு நோன்பு விட்டதில்ல. சாகப்போற நேரத்துலயா விடுவேன்?" அவர் கண்ணில் குறும்பு வந்தது. "அவ்வளவு பேசறியே, நீயும் நோன்புதானே? நீ விடுவியா?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜன்னலில் உச்சி வெயில்.

இன்ஷிரா மேசையிலிருந்த கூஜாவைச் சாய்த்துக் குவளையை நிரப்பினார். யாரோ, "வேணாம் சிஸ்டர்!" என்று கத்தினார்கள். "பிஸ்மில்லா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் பாதித் தண்ணீரைக் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியைக் கிழவரின் உதட்டருகே நீட்டினார்.