தாளித்த சிலுவை

கடைக்கு வருபவர் வாடிக்கையாளர் அல்ல, துப்பறிபவர் என்பது, கல் விற்றுப் பிழைத்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூற்றாறு கோடையில், ஹூஸ்டனுக்கு வெளியே, அயர்லாந்தின் பழங்காலக் கற்சிலுவைகளை நகலெடுத்துச் செதுக்கி விற்கும் கடையில் எனக்கு வேலை. "கோடை முழுக்க ஒரே வேலைல நில்லு, அப்புறம் டிரைவிங் லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போடறேன்" என்றிருந்தார் அப்பா. நாங்கள் குடியிருந்த கேட்டி என்ற ஊரில் கார் ஓட்டாதவன் காலில்லாதவன்.

நக்கிப் பார்த்தவர்

தொப்பிக்காரர் ஒருவர் சிலுவையை நகத்தால் சுரண்டினார், சாவியால் தட்டினார், கடைசியில் நக்கியே பார்த்துவிட்டார். "நகல்தான் சார், போர்டுலயே எழுதியிருக்கு" என்றேன். ஓரடி பின்வாங்கி என்னை முறைத்தார். "கேக்காமலே உண்மையைச் சொல்றியே, எதை மறைக்கிற?"

முதலாளியின் குரல்

முதலாளி மைக்குக்குக் கரகரத்த தொண்டை. ஒருநாள் அவர் மனைவி போன் செய்து, வரும்போது பால் வாங்கி வரச் சொன்னார். அதே கரகரப்பில் "சரி கண்ணே" என்றேன். மறுநாள் மைக், "இன்னொரு தடவை என் குரல்ல பேசினா வீட்டுக்குப் போயிடு" என்றார். அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க என்று கேட்டேன். "இருபது வருஷத்துல நான் உடனே சரின்னு சொன்னதே இல்லையாம்."

மோர் அபிஷேகம்

புதுக் கல்லில் பாசி பிடித்துப் பழசாகத் தெரிய, மோர் பூசுவது எங்கள் கடை வழக்கம். அன்று கடை மோர் தீர்ந்துபோய், அம்மா மதியத்துக்குக் கொடுத்துவிட்ட மோரையே ஒரு சிலுவைமேல் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து, எங்கள் சர்ச்சில் தமிழ்ப் பூசைக்கு வரும் ஜோசப் அங்கிளின் போன். சிலுவை நிஜமாகவே பழசா என்று இங்கிலீஷில் கேட்டார். நாக்கு அரித்தது. "மடத்துலேருந்து நேரா வந்தது. ஆயிரம் வருஷம்" என்றேன், மைக்கின் கரகரத்த குரலில்.

அரை மணியில் ஆள் நேரில் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மோர் ஊற்றிய சிலுவையின் பின்னல் வேலைப்பாட்டுக்குள் விரலை விட்டுத் துழாவினார். "ஆயிரம் வருஷம்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?" என்று மைக்கிடம் கேட்டார். மைக் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அங்கிள் விரல் நுனியை என் மூக்கருகே நீட்டினார். இரண்டு கடுகு, ஒரு கறிவேப்பிலை.

"ஏன் தம்பி, அயர்லாந்து சாமியாருங்க அப்பவே மோரு தாளிச்சாங்களா?"

அந்தச் சிலுவையில் பாசி பிடித்ததா என்று பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புக்கும் பள்ளிக்கூட மஞ்சள் பஸ்ஸில்தான் போனேன்.