சாரிஜெம் கொண்டுவந்த குருவி

சாரிஜெம் முதன்முதலாகச் சதுக்கத்துக்கு வந்தது, அந்தக் குருவியை விற்றுத் தொலைக்கத்தான்.

பரமரிபோவில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சுதந்திரச் சதுக்கத்துப் புல்வெளியில் கூண்டும் கையுமாகக் கூடிவிடுவோம். கிரியோல், இந்துஸ்தானி, ஜாவாக்காரர், சீனர், தப்பியோடிய அடிமைகளின் வழிவந்து ஆற்றின் மேல்பக்கக் காடுகளிலிருந்து படகேறி வரும் மரூன்கள் என்று சுரினாமில் உள்ள எல்லா இனமும் அங்கே உண்டு. பெண் மட்டும் கிடையாது. கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. யாரும் வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். இரண்டு கம்பங்களில் இரண்டு துவாத்துவாக் குருவிகளைப் பக்கம் பக்கமாகத் தொங்கவிடுவோம். எது அதிக முறை பாடுகிறதோ அதற்கே வெற்றி. ஒவ்வொரு பாட்டுக்கும் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு போடுவது நான்.

சாரிஜெமுக்கு ஊரின் வடக்கே ஒரு சூப்புக் கடை. அவள் கணவன் வாகிரான் ஆறு மாத வேலை என்று ஹாலந்தில் ரோட்டர்டாம் போனவன், "இங்கேயே எல்லாம் அமைஞ்சு போச்சு" என்று ஒருநாள் போனில் சொன்னான். அந்த 'எல்லாம்' என்பதில் ஒரு பெண்ணும் அடக்கம் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அழ வேண்டியதை அழுது தீர்த்தாள். அவன் சட்டைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மிஞ்சியது அவன் செல்லமாக வளர்த்த குருவி ஒன்றுதான். அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்ன தங்கச்சி, சூப்புக்குத் தேறுமான்னு கேக்க வந்தியா?" என்றார் ஹெஸ்டி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிரியோல்காரர். எங்கள் சங்கத்தின் தலைவர். அவர் குருவிதான் அந்த வருடம் யாரிடமும் தோற்காதது.

"தேறாதுண்ணே. உங்களுக்கு இருக்கிற வாய்க்கொழுப்பு இதுக்கு இல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹெஸ்டியும் சிரித்தபடியே, "பாட வச்சுப் பாத்தாதான் விலை சொல்ல முடியும், மாட்டு" என்று தன் குருவியின் பக்கத்துக் கம்பத்தைக் காட்டினார்.

மாட்டினாள். முதலில் அது கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றது. பிறகு ஆரம்பித்ததே ஒரு பாட்டு! எனக்குக் கை வலிக்கிற அளவுக்குக் கோடு போட்டேன். ஹெஸ்டியின் குருவி நடுவிலேயே வாயை மூடிக்கொண்டது.

"எவ்வளவு வேணும்னாலும் கேளு," என்றார் அவர், முகம் வெளிறி.

"இப்ப எதுக்கு விக்கணும்?" என்று கூண்டைக் கழற்றினாள் சாரிஜெம். "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரணும் பாய்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் நேரத்தைச் சொல்லிவிட்டேன். அதற்காக என்னிடம் இரண்டு வாரம் பேசாதவர்கள் உண்டு.

அடுத்த குழப்பம் அவள் மகள் மரீஸ்காவால் வந்தது. அவள் போட்டியைப் போனில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தாள். "போனெல்லாம் இங்க வேண்டாம், குருவி மிரளும்" என்று ஹெஸ்டி கத்தினார். அன்று மாலையே ஆம்ஸ்டர்டாமிலிருந்து அவர் மகன் கூப்பிட்டானாம்: "அப்பா, உன்னைப் பாத்தேன். இளைச்சுட்டியே!" மறு ஞாயிறு ஹெஸ்டி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். போனுக்கு நேராகப் போய் நின்றார். அந்த உற்சாகத்தில் இளவட்டங்கள் கோடு எண்ணும் வேலையையும் போனிடமே விடலாம் என்று கிளம்பினார்கள். விட்டும் பார்த்தோம். பஸ் ஹாரனையும் என் இருமலையும் சேர்த்து எண்ணியது அது. பலகை தப்பித்தது.

ஆனால் அந்த நேரலையை ரோட்டர்டாமில் வாகிரானும் பார்த்துக்கொண்டிருந்தான். தன் குருவி ஜெயிப்பதைப் பார்த்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பியை அனுப்பிக் குருவியை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சாரிஜெமுக்குச் சொல்லிவிட்டான். ஞாயிறன்று சாரிஜெம் கண்கள் சிவக்க வந்தாள். "புருஷன் போனப்பகூட இவ்வளவு அழல பாய். எனக்கே வெக்கமா இருக்கு," என்றாள்.

விஷயம் ஹெஸ்டி காதுக்குப் போயிற்று. பெரியவர்கள் நாலு பேரை மரத்தடியில் கூட்டினார். பத்து நிமிடம் முணுமுணுத்தார்கள். பிறகு ஹெஸ்டி மரீஸ்காவிடம் திரும்பி, "உங்கப்பனைக் கூப்பிடு, முகம் தெரியற மாதிரி," என்றார்.

வாகிரான் கம்பளிக் குல்லாவோடு திரையில் தோன்றினான்.

"தம்பி, நீயும் இங்க நின்னவன்தான். கம்பத்துல கூண்டு மாட்டறவங்கதான் குருவிக்குச் சொந்தம். எங்க அப்பா காலத்துலயும் அதான் வழக்கம்."

"நான் காசு குடுத்து வாங்கினதுண்ணே!"

"யாரு இல்லேன்னா? வா. வந்து மாட்டு. கம்பம் இங்கதான் நிக்குது."

வாகிரான் எங்கள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். யாராவது தனக்காகப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பான் போல. நாங்கள் அவரவர் கூண்டைப் பார்த்துக்கொண்டோம். "அங்க இப்ப வெயிலா?" என்று மட்டும் கேட்டான்.

"நல்ல வெயில்," என்றாள் சாரிஜெம்.

இணைப்பை அவனே துண்டித்தான்.

சுதந்திர தினப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்தாள். எதிரே ஒரு மரூன் இளைஞனின் குருவி. அவளுடையது அருமையாகப் பாடிக்கொண்டு வந்து, திடீரென்று தானியத்தில் மூக்கை நுழைத்தது. வயிறு நிறையும்வரை தலையைத் தூக்கவே இல்லை. நேரலையில் வாகிரான் எழுதிக் குவித்தான்: காலையில் தீனி போடாதே, கூண்டைத் துணியால் மூடு, இன்னும் என்னென்னவோ. மரீஸ்கா படித்துக் காட்ட, "புத்தி சொல்ல மட்டும் கடல் தாண்டி வந்துடுவான்," என்றாள் சாரிஜெம். தோற்ற வருத்தம் முகத்தில் இருந்தது. ஆனாலும் நேராக அந்த இளைஞனிடம் போய்க் கை கொடுத்தாள். அவன் குருவியைக் குனிந்து பார்த்து, "இவன் எந்தக் காட்டுப் பக்கம்?" என்று விசாரித்தாள்.

இரண்டு பேரும் வெயில் ஏறும்வரை புல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அவள் கையில் இரண்டு கூண்டுகள் இருந்தன. அந்த இளைஞனிடம் புதிதாக வாங்கிய குஞ்சு இன்னும் பாடவில்லை. பாடும்வரை காத்திருக்கிறேன் என்கிறாள்.