தூக்க முடிஞ்சவங்க மட்டும் வரலாம்

அண்ணன் இடுப்பை ஒடித்துப் போட்டுவிட்டு ஓடிப்போனாள் என்கிறீர்களே, ஒடிந்த இடுப்போடு எந்த மனிதர் மறுநாள் காலையிலேயே குந்தி உட்கார்ந்து இரும்பு அறுப்பார்? அதையும் இந்தத் தெருவே நின்று பார்த்தது. பார்த்த கண்ணை முகத்தில் வைத்துக்கொண்டே வேறு கதை பேசுகிறது. எவனோடோ போய்விட்டாளாம், எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் சொல்கிறாள். எவனோடு? ஆளைக் காட்டட்டும். அவள் போனது ஒரு வண்டியோடு. வண்டிக்கு மீசை கிடையாது.

வேன்காரி என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் கூடி வருவதும் கலைவதுமாகக் கொஞ்ச காலம் போனது. அப்புறம் யாரும் கேட்கவில்லை, அவளும் கவலைப்படவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். அண்ணன் வெல்டிங் கடைக்காரர். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். மாடியிலிருந்து இறங்குகிற யாரும் பட்டறை வழியாகத்தான் தெருவுக்கு வரவேண்டும்.

காலையில் பிள்ளைகளை ஏற்று, பள்ளிக்கூடத்தில் இறக்கு, மாலையில் திரும்ப ஏற்று, வீட்டு வாசலில் இறக்கு. அதே வளைவு, அதே வேகத்தடை, பின்சீட்டில் அதே அடிதடி. வேகம் கூடாதபடி இன்ஜினுக்கே கட்டுப்பாடு வைத்த வேன் அது. கடைசி ஸ்டாப்பில் தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து ஒரு மண் தடம் மேடேறி மறையும். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வேனைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தடம் பக்கக் கண்ணாடியில் வந்து நின்றுவிட்டுப் போகும். அது எங்கே போகிறது என்று லாரிக்காரர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் காய்ந்த ஆறு, ஆற்றுக்கு அப்பால் கல்லுக்காடு, அதையும் தாண்டினால் உப்பு பூத்த வெட்டவெளி, கடைசியில் கடல், கடலோரம் ஒரு கலங்கரை விளக்கம். தாரைத் தொடாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார்கள். அதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு இல்லை.

பழைய பைக் ஒன்றை வாங்கினாள். டூயல் ஸ்போர்ட் என்பார்களே, தாரிலும் ஓடும், மண்ணிலும் ஓடும், கொக்கு மாதிரி உயரமாக நிற்கும், அந்த வகை. அண்ணன்காரர் முதலில் சிரித்தார். பிறகு ஒருநாள் கடைத்தெருவுக்கு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அடுத்த மாதமே அதைவிடப் பெரியதாக, புதியதாக ஒன்று அவர் பட்டறையில் வந்து நின்றது. யோசனை அவளுடையது, தலைவர் அவர் என்று ஆகிவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரிப்பார்கள். எந்த இடத்தில் பெட்ரோல் கிடைக்காது, எத்தனை டியூப் வேண்டும், காற்றடிக்கும் பம்பு யார் வண்டியில், தண்ணீர் யார் வண்டியில் என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை. முடிந்தவரை தார் ரோட்டிலேயே போய்க் கடைசியில் கொஞ்சம் மண்ணில் இறங்கலாம் என்பார் அவர். அப்படியானால் பஸ்ஸிலேயே போகலாமே என்பாள் இவள். அண்ணிக்காரி தட்டை வரைபடத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போவாள். குழம்புக் கறையில் கலங்கரை விளக்கம் காணாமல் போனதும் உண்டு.

விரிசல் விழுந்தது ஆற்று மணலில். பழகிப் பார்க்க இருவரும் போனார்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, சீட்டை விட்டு எழுந்து, ஃபுட்ரெஸ்ட்மேல் நின்றபடி ஓட்டினால்தான் மணல் வழிவிடும். அவள் நின்றாள். அவர் மனிதர் முன்னால் வளையாதவர், மணல் முன்னால் மட்டும் வளைவாரா? உட்கார்ந்தே ஓட்டினார். பின்சக்கரம் அச்சுவரை புதைந்துவிட்டது. அக்கரைக்குப் போனவள் திரும்பி வந்து கையால் மணலைத் தோண்டி எடுத்தாள். வீட்டுக்கு வந்து அவர் மணலைத் திட்டினார், டயர் கம்பெனியைத் திட்டினார். தங்கையைத் திட்டவில்லை. அதுதான் ஆபத்து.

சேதி ஹார்டுவேர் கடைக்காரருக்குப் போய்விட்டது. பட்டறையில் வந்து உட்கார்ந்துகொண்டு, “முன்னாடி யாரு போறது? தங்கச்சியா? அப்போ வழி கேக்கற கஷ்டம் உனக்கு இல்லப்பா” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்தில்தான் அண்ணன்காரர் சட்டம் போட்டார்.

“காட்டுல விழுந்தா அவங்கவங்க வண்டிய அவங்கவங்கதான் தூக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை மூட்டையெல்லாம் ஏத்தி இங்கேயே சாய்ச்சுப் போடுவோம். தூக்க முடிஞ்சவங்க மட்டும் வரலாம்.”

சொன்னது பொதுவாக, பார்த்தது அவளை. அவள் உடம்பு அப்படி. காற்றடித்தால் பிடித்துக்கொள்ளக் கம்பம் தேடுகிற உடம்பு. சரி என்றாள்.

அண்ணிக்காரி சமையலறையில் வைத்து விஷயத்தை உடைத்தாள். “உன்னை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. நாலு பேர் முன்னாடி மூச்சு வாங்கி நிக்காதே. இப்பவே முடியலன்னு சொல்லிடு, மானமாவது மிஞ்சும்.”

“மானத்தை நான் மூட்டையில ஏத்தல அண்ணி. கனமா இருக்கும்.”

அவள் கனத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வேன் நிறுத்துகிற கொட்டகையில் பழைய ரெக்சினை விரித்து, வண்டியை அதன்மேல் சாய்த்துப் போட்டுப் பழகினாள். கையால் இழுத்தால் வராது. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்கேரியரில். பிறகு பின்னால் நடக்க வேண்டும், காலால் பூமியை உதைத்துக்கொண்டு. வராத நாளெல்லாம் மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்துவிடுவாள். அடுப்பு போனது. இரண்டாவது போர்வை போனது. துண்டைக் கிழித்துப் பாதி ஆக்கினாள். இரண்டு வண்டிக்கும் கேரியர் அண்ணன் கைவேலைதான். தனக்கு மட்டும் மெல்லிய பைப் போதும் என்று கெஞ்சி வாங்கியிருந்தாள்.

அவரோ வெல்டிங்காரர். மனதில் ஒரு பயம் வந்தால் மறுநாள் அது இரும்பாகிவிடும். கல் அடித்தால் என்ன ஆவது? இன்ஜினுக்கு அடியில் தகடு, அடுப்புக்கல் தடிமனில். விழுந்தால்? சுற்றிலும் கம்பி. சாமானுக்கு இருபுறமும் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டி அடிபடாமலிருக்க அதற்கொரு கம்பி. வண்டி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது, வங்கி லாக்கருக்குச் சக்கரம் வைத்த மாதிரி. ஒருமுறைகூடச் சாய்த்துத் தூக்கிப் பார்க்கவில்லை. இரும்புக் கேட்டுகளைத் தோளில் சுமந்தவருக்கு அது எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். டீச்சர் தன் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முதலில் வேன்காரி. முதல் தடவை சக்கரம் வழுக்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டாவது தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள், நடந்தாள், வண்டி எழுந்துவிட்டது. ஒருவரும் கை தட்டவில்லை. ஹார்டுவேர்காரர் டீ டம்ளருக்குள் எதையோ தேடினார்.

அண்ணன்காரர் தன் வண்டியைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. பிடியைத் தளர்த்தியதும் அதுவே படுத்துக்கொண்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். அசையவில்லை. மறுபடியும் குனிந்தார். டாங்க் மூடியிலிருந்து பெட்ரோல் கசிந்து தரையில் ஓடியது. மூன்றாவது முறை இடுப்பில் பிடித்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிடிப்பு, அவ்வளவுதான். ஒடிந்தது எலும்பு அல்ல. யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, இதைச் சத்தியம் செய்து சொல்லலாம்.

அவள் செய்த ஒரே தப்பு, உதவிக்குப் போனது. “நீங்க அந்தப் பக்கம் பிடிங்க அண்ணா, நான் இந்தப் பக்கம் தள்றேன்.” இரண்டு பேராகத் தூக்கி வண்டியை நிறுத்தினார்கள். தோற்றதைக்கூட அவர் மறந்திருப்பார். அத்தனை பேர் முன்னால் அவள் கை அவர் வண்டிமேல் பட்டதை மன்னிக்கவில்லை.

“யாரும் எங்கேயும் போகல” என்றார்.

“சட்டம் நீங்க போட்டது அண்ணா. நான் தூக்கிட்டேன்.”

“என் வீட்டுல இருந்துக்கிட்டு எனக்கே சட்டம் சொல்றியா?”

மறுநாள் காலை அவள் வேனுக்குப் போன நேரத்தில் கிரைண்டர் போட்டு அவள் வண்டியின் கேரியரை அறுத்துவிட்டார். தெரு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. ஒருவரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது பைப்புகள் குப்பையில் கிடந்தன.

“என் இரும்பு. வச்சவன் எடுத்துக்கிட்டேன்.”

அவள் குனிந்து அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். வண்டிச் சட்டத்தில் ஒரு கீறல் இல்லை. கோபத்திலும் தொழிலைக் கெடுக்கவில்லை. அதற்காகச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் மாடிக்குப் போனாள்.

அன்றிலிருந்து சமையலறை அவளுக்குப் பூட்டியாகிவிட்டது. அண்ணிக்காரி அவளிடம் பேச வேண்டியதைப் பாத்திரங்களிடம் பேசினாள். டீச்சர் கதை கட்டத் தொடங்கியதும் அந்த வாரம்தான். வேன்காரி தன் முதலாளியிடம் லீவு கேட்டாள். போய்விட்டு வந்தால் இந்த சீட்டில் வேறு ஆள் இருக்கும் என்றார். வேன் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். பழைய வேனிலிருந்து கழித்துப் போட்ட சீட் பெல்ட்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்து, சீட்டின் மேல் குறுக்கே போட்டால் இருபுறமும் தொங்குகிற பை இரண்டு தைத்து வாங்கினாள். கேரியரே வேண்டியிருக்கவில்லை.

கிளம்பிய அன்று காலை அண்ணன்காரர் பட்டறையை நேரத்தோடு திறந்து வைத்திருந்தார். யார் வீட்டுக்கோ செய்த பெரிய கேட்டை வாசலுக்குக் குறுக்கே போட்டு, முகமூடியை இறக்கிவிட்டுப் பொறி பறக்க வேலை செய்துகொண்டிருந்தார். பட்டறைக்குள் அத்தனை இடம் காலியாகக் கிடந்தது. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். பொறி அடங்கும்வரை பொறுத்தாள்.

“வழி விடுங்க அண்ணா.”

அவர் முகமூடியைத் தூக்கினார். கண் சிவந்திருந்தது. வெல்டிங்காரருக்கு அது எப்போதும் சிவப்புதான். “இதைத் தாண்டிப் போனா, திரும்பி வந்து இந்தப் படியில நிக்காதே.”

“வருவேன். வந்து நிப்பேன். திறக்கறதும் திறக்காததும் உங்க இஷ்டம்.”

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அவர் நகரவில்லை. அவள் வண்டியை ஸ்டாண்டில் போட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டு கேட்டின் ஒரு முனையைப் பிடித்து, தரையில் கிறீச்சிட இழுத்து, ஆள் போகிற அகலத்துக்கு ஒதுக்கினாள். சூடு கையுறைக்குள்ளும் சுட்டது. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் தோளை உரசாமல் படி இறங்கினாள்.